விழாமல் இறந்தவர்கள்: பாறையேற்றமும் ஒரு குளிரங்கியின் வரலாறும்

கலிபோர்னியாவின் யொசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கெப்பிட்டான் என்றொரு கருங்கற் சுவர் நிற்கிறது. அடியிலிருந்து முடிவரை ஏறத்தாழ 900 மீற்றர் உயரம். 2004 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அதன் மீது பனிப்புயலொன்று இறங்கிப் பல நாட்கள் நீடித்தது. சுவரின் வெவ்வேறு பாதைகளில் ஏறிக்கொண்டிருந்த குழுக்கள் இடைநடுவில் சிக்குண்டன. சிலர் மீட்கப்பட்டனர். 'மூக்கு' எனப் பெயர்பெற்ற பாதையில் இருந்த ஜப்பானியர் இருவர் சுவரிலேயே இறந்து காணப்பட்டனர். அவர்கள் விழவில்லை, குளிரினால் இறந்தார்கள். அதே பாதையில், இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1984 ஒக்டோபரிலும் இரண்டு ஜப்பானியர் புயலொன்றில் இதேவிதமாக உயிரிழந்திருந்தனர்.

பாறையேற்றத்தில் மரணம் என்றால் வீழ்ச்சி என்றே நாம் எண்ணுகிறோம். பத்திரிகைகளும் அவ்வாறே எழுதிப் பழகிவிட்டன. ஆயினும் இத்துறையின் வரலாற்றைப் புரட்டுவோருக்கு விழாமலே இறந்தவர்களின் பட்டியலொன்று தனியாகத் தென்படும். அப்பட்டியலுக்கு அருகே இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓர் அங்கியின் கதை. நீண்ட பாறையேற்றத்துக்குப் புறப்படும் ஒருவர் தடித்த குளிரங்கி ஒன்றைச் சுமந்து செல்வதா, வேண்டாமா என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றக்கூடும். கடந்த நூறு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் பல உயிர்களைக் காத்துமிருக்கின்றன, பறித்துமிருக்கின்றன.

நிற்பவனைத் தேடி வரும் குளிர்

முதலில் குளிர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாற் அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய காலத்து மின்குமிழ் ஒன்றுக்குச் சமமானது அது. கடுமையாக உழைக்கும்போது இந்த அளவு பல மடங்காகிறது. ஆகவே பாறையில் ஏறிக்கொண்டிருப்பவனுக்குக் குளிர் பெரிய பகையல்ல. மெல்லிய சட்டையோடும் அவனுக்கு வியர்க்கும்.

ஆனால் பாறையேற்றம் ஓயாத உழைப்பு அன்று. இருவர் ஒரு கயிற்றில் பிணைந்து ஏறும்போது ஒருவர் ஏற, மற்றவர் ஒரு விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். கடினமான இடமாயின் அந்த நிற்றல் ஒரு மணித்தியாலத்தையும் தாண்டும். பின்னர் முறை மாறும். 'மூக்கு' போன்றதொரு பாதையில் இவ்வாறு சுமார் 30 கயிற்றுநீளங்கள் உண்டு. எனவே ஏறுபவர் தமது நாளின் பாதியை அசையாமல் நின்றே கழிக்கிறார். ஏறும்போது நனைந்த சட்டை நிற்கும்போது காற்றில் உலர்கிறது. உலர்வதற்கான வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உயரே செல்லச் செல்ல ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஆறரைப் பாகை செல்சியஸ் அளவில் இறங்குகிறது. வெயில் பாறையின் மறுபக்கம் போனதும் நிழலும் சேர்ந்துகொள்கிறது.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து ஆரம்பமாகிறது. அதற்கு முன்பே விரல்கள் மரத்து, முடிச்சுப் போடும் திறன் போய்விடும். அடுத்துக் குழறல், தடுமாற்றம், தவறான தீர்மானம். தரையில் இது ஒரு நோய். 500 மீற்றர் உயரத்தில், தன் உயிரும் தோழனின் உயிரும் தான் போடும் முடிச்சில் தங்கியிருக்க நிற்பவனுக்கு இதுவே மரணத்தின் வாசல். குளிரினால் தவறிழைத்து விழுந்தவர்கள் விழுந்தவர்களின் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

தூவி என்னும் பழம்பொருள்

குளிரைத் தடுப்பது துணியன்று. துணிக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. அவ்வாறு காற்றைச் சிறைப்பிடிப்பதில் நீர்ப்பறவைகளின் மார்புப் பகுதியில் உள்ள மென்மயிரை விஞ்சிய இயற்கைப் பொருள் இல்லை. தமிழில் அதற்குத் தூவி என்று பெயர். வாடைக்காற்றின் கொடுமையைப் பாடும் நெடுநல்வாடையிலே அரசியின் படுக்கை அன்னத்தின் தூவியால் ஆனதாகச் சொல்லப்படுகிறது. வட ஐரோப்பியக் கரைகளில் வாழும் ஐடர் என்னும் கடல்வாத்தின் தூவியை அங்குள்ள மக்கள் நெடுங்காலமாகப் போர்வைகளில் இட்டு வந்திருக்கின்றனர். ஆயினும் அதனை அங்கியாகத் தைத்து மலைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் பலித்தது.

அந்த எண்ணத்துக்கு உரியவர் ஜோர்ஜ் பின்ச். அவுஸ்திரேலியாவில் 1888 இல் பிறந்து, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இரசாயனம் பயின்றவர். 1922 ஆம் ஆண்டின் பிரித்தானிய எவரெஸ்ட் பயணக்குழுவில் அவர் இடம்பெற்றார். பலூன் செய்யப் பயன்படும் காற்றுப்புகாத் துணியில், பளிச்சென்ற பச்சை நிறத்தில், முழங்கால்வரை நீண்ட ஓர் அங்கியைத் தாமே வடிவமைத்து, அதனுள் ஐடர் தூவியை நிரப்பித் தைப்பித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். குழுவினர் பெரும்பாலும் கம்பளி, பட்டு, பருத்திச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, மேலே ட்வீட் அல்லது கபர்டீன் மேலங்கி பூண்ட கனவான்கள். அவர்களுக்குப் பின்ச்சின் கோலம் சிரிப்பை வரவழைத்தது.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மே மாத இறுதியில் பின்ச், ஜெப்ரி புரூஸ், கூர்க்கா வீரரான தேஜ்பீர் ஆகிய மூவரும் 7,700 மீற்றருக்கு மேலே ஒரு கூடாரத்தில் இரண்டு இரவுகள் புயலில் அகப்பட்டனர். 27 ஆம் திகதி பின்ச்சும் புரூஸும் 8,320 மீற்றர்வரை ஏறினர். அதற்கு முன் எந்த மலையேறுநரும் எட்டாத உயரம் அது. ஒட்சிசன் கலங்களின் துணையோடு பெற்ற வெற்றி என்று அது பேசப்படுகிறது. அங்கியின் பங்கும் அதில் உண்டு. தமது அங்கியைப் பார்த்து இப்போது எவரும் சிரிப்பதில்லை, எல்லோருக்கும் அதில் ஆசை வந்துவிட்டது என்ற பொருளில் பின்ச் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

எனினும் 1924 இன் பயணத்தில் பின்ச்சுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவரது பிறப்பு, கல்வி, பேச்சு எவையும் இலண்டன் கனவான்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. அவரோடு அவரது அங்கியும் விலக்கப்பட்டது. அந்த ஆண்டு மலோரியும் இர்வினும் திரும்பி வரவில்லை. 1999 மே மாதம் முதலாம் திகதி மலோரியின் உடல் 8,155 மீற்றர் அளவில் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடுத்திருந்தவற்றின் மாதிரிகள் பின்னர் மீள உருவாக்கப்பட்டு 2006 இல் எவரெஸ்டிலேயே அணிந்து பார்க்கப்பட்டன. நாம் எண்ணியதைவிட அவை நல்ல உடைகள், இலேசானவை, இயங்கிக்கொண்டிருப்பவனுக்குப் போதுமானவை. ஆனால் வெளியில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் காக்கமாட்டா என்பதே பெறப்பட்ட முடிவு. மலோரியின் முடிவுக்குக் குளிர் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார். நகர்பவனின் உடையும் நிற்பவனின் உடையும் ஒன்றல்ல என்ற பாடம் மாத்திரம் அந்தத் துணிகளில் எழுதப்பட்டிருக்கிறது.

பின்ச்சுக்கு ஒரு பின்குறிப்பு. அதே விஞ்ஞானி 1952 முதல் 1957 வரை இந்தியாவின் பூனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் பணிப்பாளராக விளங்கினார்.

பாறைக்கு இறங்கி வந்த அங்கி

பின்ச்சின் அங்கி பனிமலைக்கு உரியது. சுமையாளர்கள் உடனிருந்த பெரும் படையெடுப்புக்கு உரியது. தன் சுமையைத் தானே முதுகில் தூக்கிச் செங்குத்துப் பாறையில் ஏறுபவனுக்கு அது ஒவ்வாது. அவனுக்குரிய விடையைத் தேடியவர் பிரான்ஸின் பியேர் அலேன். பாரிசுக்கு அருகே பொந்தன்புளோ காட்டில் சிதறிக் கிடக்கும் மணற்பாறைகளில் பயின்ற ஒரு கூட்டத்தின் தலைவர் அவர். அக்காலத்தில் அல்ப்ஸ் மலையின் நீண்ட பாறைச் சுவர்களில் ஏறுவோருக்கு இரவுதான் பெரும் அச்சம். ஒரே பகலில் முடியாத பாதை என்றால் ஒரு விளிம்பில் குந்தியிருந்து நடுங்கி விடியலைக் காணவேண்டும். நடுங்கிக் கழிந்த இரவுக்குப்பின் மறுநாள் கைகளில் பலம் இராது.

அலேன் இரவைத் தவிர்க்க முயலவில்லை. அதனைத் தாங்கக்கூடியதாக்க முயன்றார். சுருக்கி மடிக்கத்தக்க தூவி அங்கி, இடுப்புவரை மட்டும் நீளும் குட்டையான உறக்கப்பை, மழை புகா மேலங்கி ஆகிய மூன்றும் அவரது ஆயுதங்கள். மேலுடலுக்கு அங்கி, கீழுடலுக்குப் பை என்று பகிர்ந்ததால் எடை பாதியானது. பிரெஞ்சுக்காரர் அந்தப் பைக்கு 'யானைக்கால்' என்று பெயரிட்டனர். 1935 ஆம் ஆண்டு ரேமொன் லெனிஞ்சேருடன் சேர்ந்து சமொனிக்கு மேலே நிற்கும் பெத்தி துரூ சிகரத்தின் வட முகத்தை அலேன் முதன்முதலாக ஏறி முடித்தார். அவ்வெற்றியைக் கைவிரல்களின் திறமையோடு மட்டும் சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. இரவைக் கண்டு அஞ்சாதவனால் பகலை அவசரமின்றிப் பயன்படுத்த முடிந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் எட்டி பௌவர் என்ற விளையாட்டுப்பொருள் வணிகர், குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போய்க் குளிரில் விறைத்து மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவத்தின் விளைவாக 1936 இல் அவர் தூவி அங்கியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தூவிக்கு ஒரு குணம் உண்டு; தளர்வாக இட்டால் எல்லாம் கீழே இறங்கிச் சேர்ந்து மேற்பகுதி வெறுந்துணியாகிவிடும். துணியைக் கட்டங்கட்டமாகத் தைத்து ஒவ்வொரு கட்டத்திலும் தூவியைச் சிறைவைப்பதே அதற்குப் பரிகாரம். அந்தத் தையலுக்கு 1940 இல் அவர் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையினருக்காக அவரது தூவி உடைகள் பெருந்தொகையில் தயாராயின. போர் முடிந்தபின் இராணுவத்தின் எஞ்சிய பொருட்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. கையில் காசில்லாத இளம் ஏறுநர்கள் அவற்றால் பயனடைந்தனர்.

விட்டுச் சென்றவரும் விடாது நின்றவரும்

அங்கி கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை. அதன்பின்னரே உண்மையான சிக்கல் ஆரம்பமானது. கையிலிருக்கும் வெப்பத்தைச் சுமப்பதா, விடுவதா?

1953 ஜூலை 3 ஆம் திகதி ஒஸ்திரிய நாட்டவரான ஹேர்மன் பூல், நங்க பர்பத்தின் உச்சியைத் தனியாக நோக்கி நடந்தார். வேகம் குறைவதைக் கண்டு தமது முதுகுப்பையை வழியில் கழற்றிவைத்தார். தடித்த கம்பளிச் சட்டை அதற்குள் இருந்தது. மாலை ஏழு மணிக்கு உச்சியை அடைந்த அவருக்கு இறங்கும் வழியில் இருட்டிவிட்டது. ஏறத்தாழ 8,000 மீற்றர் உயரத்தில், உட்காரவும் இடமில்லாத ஒரு விளிம்பில், பாறையில் சாய்ந்து நின்றபடியே இரவைக் கழித்தார். அன்றிரவு காற்று வீசவில்லை. அதனால் உயிர் பிழைத்தார். பனிக்கடிக்குக் கால்விரல்களைப் பறிகொடுத்தார். பையை விட்டிராவிட்டால் உச்சியை எட்டியிருக்கமாட்டார் என்போரும் உளர். பையை விட்டதால் சாவை எட்டிப் பார்த்தார் என்போரும் உளர். இரண்டும் உண்மை. இந்தக் கேள்வியை ஒற்றை விடையில் அடக்க முடியாது என்பதற்குப் பூலின் அந்த இரவே சான்று.

அடுத்த ஆண்டு, 1954 ஜூலை 30 ஆம் திகதி இரவு, கே-2 மலையில் இத்தாலியரான வோல்டர் பொனாட்டியும் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும் கூடாரமோ உறக்கப்பையோ இன்றி 8,100 மீற்றர் அளவில் திறந்த பனியில் அமர்ந்திருந்தனர். உடன் ஏறியோருக்கு ஒட்சிசன் கொண்டுசென்று, அவர்களின் கூடாரத்தை இருளில் அடைய முடியாமற்போனதால் நேர்ந்த கதி அது. பொனாட்டி ஊனமின்றித் தப்பினார். மஹ்தி தம் கால்விரல்களை இழந்தார். மறுநாள் உச்சியை அடைந்த இருவரின் பெயர்களே உலகச் செய்தியாயின. சுமந்தவரின் பெயர் மங்கிப்போனது.

அதே பொனாட்டி மறு ஆண்டு ஓகஸ்டில் துரூ சிகரத்தின் தென்மேற்குத் தூணைத் தனியொருவராக ஆறு நாட்களில் ஏறினார். பாறையேற்ற வரலாற்றின் பெருஞ்செயல்களில் ஒன்று அது. அந்தத் தூண் 2005 இல் பாறைச்சரிவில் பெரும்பகுதி பெயர்ந்து வீழ்ந்துவிட்டது. ஆனால் 1961 ஜூலையில் மொன் பிளாங்கின் பிரேனி மத்திய தூணில் அவர் உட்பட எழுவர் புயலில் அகப்பட்டனர். உச்சிக்குச் சிறிது தூரமே எஞ்சியிருந்தது. இராத் தங்கலுக்கான ஆயத்தங்களோடு சென்ற தேர்ந்த ஏறுநர்கள் அவர்கள். பல இரவுகள் காத்திருந்தும் புயல் ஓயவில்லை. இறங்க முற்பட்டபோது நால்வர் ஒருவர்பின் ஒருவராகக் களைப்பிலும் குளிரிலும் இறந்தனர். அங்கி ஓர் இரவைக் கடன் தரும். ஒரு வாரத்தைத் தராது. எப்போது திரும்புவது என்ற தீர்மானத்தை அது ஏறுபவனுக்காக எடுப்பதுமில்லை.

வெயில் காட்டும் மாயம்

அல்ப்ஸில் ஏறுபவன் பனியைக் கண்ணால் காண்கிறான். ஆகவே அங்கியை எடுத்துக்கொள்கிறான். யொசெமிட்டியில் அவன் காண்பது வெயிலும் வெண்பாறையும் மட்டுமே. ஆபத்து அங்கேதான் கூடுதலாக மறைந்திருக்கிறது.

எல் கெப்பிட்டானின் 'மூக்கு' முதன்முதலில் 1958 நவம்பர் 12 ஆம் திகதி ஏறி முடிக்கப்பட்டது. வொரன் ஹார்டிங்கும் தோழர்களும் முந்திய ஆண்டு ஜூலையில் தொடங்கி, விட்டுவிட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட நாட்களை அதில் செலவிட்டனர். பின்வந்தோர் அதனைச் சில நாட்களாகக் குறைத்தனர். 1975 மே 26 இல் ஜிம் பிரிட்வெல், ஜோன் லோங், பில்லி வெஸ்ட்பே ஆகியோர் ஒரே நாளில் ஏறி முடித்தனர். 2018 ஜூன் 6 ஆம் திகதி அலெக்ஸ் ஹொனோல்ட், டொமி கால்ட்வெல் இருவரும் இரண்டு மணித்தியாலங்களுக்குள் முடித்தனர்.

இந்த வேகம் ஒரு கொள்கையையும் வளர்த்தது. இரவுக்கான பொருட்களைச் சுமப்பவன் மெதுவாகிறான். மெதுவாவதால் இரவில் அகப்படுகிறான். ஆகவே சுமக்காமல் விரைந்து செல்வதே பாதுகாப்பு என்பது அதன் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இக்கொள்கை திறமையின் உச்சியில் இருப்போருக்கு உரியது. கயிறு ஒரு பிளவில் சிக்கினால், முன்னே செல்லும் குழு தாமதித்தால், தோழனின் கணுக்கால் பிசகினால் வேகம் நொடியில் பூச்சியமாகிறது. வேகத்தையே அங்கியாக அணிந்து வந்தவன் அப்போது வெற்றுடம்போடு நிற்கிறான்.

யொசெமிட்டியின் புயல்கள் இன்னொரு பாடத்தையும் கற்பித்தன. அங்கே பனி மட்டும் பெய்வதில்லை. முதலில் மழை, சுவர் முழுவதும் அருவியாக வடியும் நீர், அதன்மேல் உறைபனி. தூவியின் ஒரே பெரிய பலவீனம் நீர். நனைந்ததும் அது கட்டிபட்டுத் தட்டையாகிறது. சிறைப்பட்ட காற்று வெளியேற, அங்கி ஈரச்சாக்காக மாறுகிறது. அரசியின் படுக்கைக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. இக்குறையை நீக்கச் செயற்கை இழைகளை நாடினர். அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக 1980 களில் உருவான பிரைமலொப்ட் போன்ற நுண்ணிழைகள் தூவியைவிடச் சற்றுக் கனமானவை. ஆயினும் நனைந்தபின்னும் ஓரளவு வெப்பம் காப்பவை, விரைவில் உலர்பவை. நீரை விலக்கும் பூச்சிட்ட தூவி 2010 களில் சந்தைக்கு வந்தது.

அங்கியை அணியும் முறையும் மாறியது. மலையேறுநரான மார்க் ட்வைட் 1999 இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை வலியுறுத்தினார். நிற்கும்போது உள்ளே ஒரு சட்டையைக் கூட்டுவதற்காக மேலுடையைக் கழற்றி, இருந்த வெப்பத்தையும் இழக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரமான உடையின் மீதே, பெரிய அங்கியொன்றைப் போர்த்துக்கொள். புறப்படும்போது கழற்றிச் சுருட்டிக்கொள். கயிறு பிடிப்பவனின் அங்கி என்றே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வழங்குகிறது. நிற்பவனுக்கென்றே ஓர் உடை வேண்டும் என்பது இப்படி ஒரு பெயராகவே நிலைத்தது.

ஒரு போத்தல் தண்ணீரின் எடை

இன்று பாறையேறுநர்கள் கொண்டுசெல்லும் நல்ல தூவி அங்கி 300 கிராம் அளவில் கிடைக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரின் மூன்றிலொரு பங்கு எடைகூட இல்லை. தன் பையினுள் தானே மடங்கி, இரு கையளவு உருண்டையாகி, இடுப்புவாரின் பின்புறத்தில் ஒரு கொளுவியில் தொங்கும். சிலர் இருவருக்கும் பொதுவாக ஓர் அங்கியையே கொண்டுபோய், யார் நிற்கிறாரோ அவர் அணிவது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒடுங்கிய பாறைப் பிளவுகளுக்குள் புகும்போது அது உரசிக் கிழியும்; தொல்லை தரும். நல்ல நாளில் பத்து முறை சுமந்தும் ஒருமுறையும் விரிக்காமலே திரும்ப நேரும். பத்தாம் முறைக்குப்பின் "ஏன் இந்தச் சுமை?" என்று தோன்றுவது மனித இயல்பு.

பின்ச்சின் பச்சை அங்கியைப் பார்த்துச் சிரித்தவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் துணிவும் அனுபவமும் மிக்க மலையேறுநர்கள். தாங்கள் நிற்கப்போவதில்லை என்று அவர்கள் நம்பினார்கள். பிழை அந்த நம்பிக்கையில் இருந்தது. பின்வந்த தலைமுறைகள் அங்கியை ஏற்றுக்கொண்டன. அந்த நம்பிக்கையை மாத்திரம் கைவிடவில்லை. எல் கெப்பிட்டானில் இறந்தவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அவ்வளவு நீண்ட புயலில் எந்த அங்கியும் காத்திருக்குமா என்று தரையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் நூறாண்டு வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஏறுபவன் தன் திறமையைக் கொண்டு தன் வேகத்தைக் கணிக்கிறான். எங்கே நிற்க நேரும் என்பதை மலையும் வானமும் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டாவது கணக்குக்காகச் சுமக்கப்படும் 300 கிராமே குளிரங்கி.